அம்மன் கூரை மின்சாரம்

வானத்துக்குப் போகிறவர்கள் மேல் எனக்கு ஒரு காலத்தில் பொல்லாத கோபம் இருந்தது. யட்டவத்த டவுனுக்கு மேலே, தேயிலையும் மிளகுமாக இருக்கிற எங்கள் தோட்டத்திலிருந்து மாத்தளைக்குப் போக வழியில்லாமல் நான் கிடந்த நாட்கள் அவை. என் வீட்டுக்காரரோ பெட்ரோல் வரிசையில் ஆட்டோவை நிறுத்திவிட்டு, யாரோ ஒரு கோடீஸ்வரன் விட்ட ரொக்கெட்டைப் போனில் பார்த்துக் கைதட்டிக்கொண்டிருந்திருக்கிறார். "இந்தா பாரேன், மேல போன ரொக்கெட்டு திரும்பி வந்து காலூன்றி நிக்குது!" என்று வீட்டுக்கு வந்ததும் எனக்கும் காட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஆமா, பெரிய அதிசயம். முதல்ல ஒங்க வண்டிய மாத்தளைக்கு நகத்துங்க, அப்புறம் நானும் கைதட்டுறேன்" என்றேன்.

கோபத்துக்குக் காரணம் என் உடம்பில் இருந்தது. நாற்பது வயதைத் தாண்டிய கொஞ்ச நாளில் என் சிறுநீரகங்கள் இரண்டும் வேலையை விட்டுவிட்டன. தோட்டத்துப் பிள்ளைமடுவத்தில், அம்மாமார் கொழுந்து பறிக்கப் போகும் நேரத்தில் கைப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஒரு பிள்ளையைத் தூக்கினாலே மூச்சு வாங்கியபோதுதான் விஷயம் தெரிந்தது. அன்றிலிருந்து செவ்வாயும் வெள்ளியும் மாத்தளைக்குப் போய், ஆஸ்பத்திரியில் நாலு மணி நேரம் மெஷினோடு படுத்திருக்க வேண்டும். அது என் இரத்தத்தை எடுத்துக் கழுவித் திருப்பித் தரும். ஒரு தவணை தவறினால் காலில் நீர் கட்டும். இரண்டாவது தவறினால் நெஞ்சில் ஏறும். மூன்றாவது தவறினால் என்ன ஆகும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

நாடு முழுக்கப் பெட்ரோல் இல்லாத அந்த நாட்களில் இரண்டு தவணை அடுத்தடுத்துத் தவறியது. கடைசியில் கொழுந்து ஏற்றும் லொறியில், சாக்குகளுக்கு நடுவில் என்னை உட்கார வைத்துக் கொண்டுபோனார்கள். படுக்க முடியாது, படுத்தால் மூச்சு அடைக்கும். வழி முழுக்க அவர் என் முதுகைத் தாங்கிக்கொண்டு வந்தார். திரும்பி வந்த அன்று சொன்னார்: "இனிமே பெட்ரோல நம்பி ஒன்ன வச்சிருக்க மாட்டேன்."

அதைச் சும்மா சொல்கிறார் என்று நினைத்தேன். வரிசைகள் எல்லாம் முடிந்து, எல்லோரும் பழையபடி பெட்ரோல் அடிக்கத் தொடங்கிய பிறகு, ஓடிக்கொண்டிருந்த ஆட்டோவை உக்குவளையில் ஒரு மெக்கானிக் பாஸிடம் கொண்டுபோய் விட்டார். கராஜ் வைத்திருக்கிற அந்தச் சிங்கள மனிதர் எஞ்சினைக் கழற்றிப் போட்டுவிட்டு, மோட்டாரும் பெட்டரியும் வைத்துக் கொடுத்தார். "ஒங்களுக்குப் பைத்தியம் முத்திருச்சு" என்றேன். "இருக்கட்டும், பைத்தியம்தானே, காய்ச்சல் இல்லையே" என்றார். இந்த மனிதரிடம் சண்டை போடுவதும் பஞ்சு மூட்டையைக் குத்துவதும் ஒன்றுதான்.

புது வண்டிக்குப் பூசை போடாமல் எங்கள் தோட்டத்தில் யாரும் ஓட்டமாட்டார்கள். மேட்டில் இருக்கிற மாரியம்மன் கோயில் வாசலில் வண்டியை நிறுத்தி, சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்தார்கள். பூசாரி கற்பூரத் தட்டோடு முன்னால் நின்றுகொண்டு, "ம், ஸ்டார்ட் பண்ணுங்க" என்றார்.

"ஸ்டார்ட்லதான் இருக்குங்க சாமி" என்றார் இவர்.

பூசாரி காதைச் சாய்த்துக் கேட்டார். சத்தம் இல்லை. கூட்டத்தில் ஒரு கிழவி, "ஐயோ, மொத நாளே நின்னுபோச்சே, அபசகுனமாச்சே" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நாலைந்து ஆண்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பின்னாலிருந்து தள்ளுவதற்குக் கை வைத்துவிட்டார்கள். அந்த நேரம் பார்த்து இவர் கைப்பிடியைத் திருக, வண்டி சத்தமே இல்லாமல் எலுமிச்சம்பழத்தின் மேல் ஏறி முன்னே போனது. தள்ள வந்தவர்கள் வெறுங்காற்றைத் தள்ளிக் குப்புற விழுந்தார்கள். பூசாரி தட்டோடு துள்ளி ஒதுங்கினார். "தானா போகுதுடி! ஆத்தா இறங்கிட்டா!" என்று அதே கிழவி கும்பிட்டாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நோய் வந்த பிறகு நான் வயிறு வலிக்கச் சிரித்தது அன்றைக்குத்தான்.

சிரிப்பு இரண்டு நாள்கூட நிற்கவில்லை. எங்கள் லயத்துக்கு, அதாவது ஒரே கூரையின் கீழ் வரிசையாக இருக்கிற பத்து வீட்டுக்கும், ஒரே ஒரு பழைய வயர்தான். சார்ஜரைச் செருகியதும் பத்து வீட்டு லைட்டும் மங்கியது, கடைசி வீட்டில் ரப்பர் கருகிய வாடை வந்தது. அப்படியானால் கூரையில் சோலார் தகடு வைக்கலாம் என்று இவர் கேட்கப் போனார். முடியாது என்று தோட்டத்து ஒப்பீஸில் சொல்லிவிட்டார்கள். லயம் தோட்டத்துக்குச் சொந்தம். கூரையும் தோட்டத்துக்குச் சொந்தம். அந்தத் தகரத்தின் கீழே நான் பிறந்திருக்கலாம், என் அம்மா அதே தகரத்தின் கீழே செத்திருக்கலாம், ஆனால் அதில் ஓர் ஆணி அடிப்பதென்றாலும் கேட்டுத்தான் அடிக்க வேண்டும். சூரியனை வைத்து உலகத்தையே மாற்றலாம் என்று டிவியில் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு அப்போதெல்லாம் வயிறு எரியும். சூரியன் எல்லோருக்கும் பொது, சரி. வெயில் விழுகிற கூரை யாருடையது என்று ஒருவனும் பேசவில்லை.

எங்கள் கைக்காசில் நாங்களே கட்டிய ஒரே கூரை அம்மன் கோயிலுடையது. மேட்டுக்குக் கரண்டுக் கம்பி இழுக்காததால், கோயிலுக்கு லைட் எரியவும் விடியற்காலையில் பாட்டுப் போடவும் சோலார் தகடும் பெரிய பெட்டரிகளும் வைத்திருந்தார்கள். கொழும்பில் கடை வைத்திருக்கும் தோட்டத்துப் பிள்ளைகள் சேர்ந்து செய்த உபயம் அது. இவர் கோயில் கமிட்டியிடம் போய் நின்றார். கூட்டத்துக்கு நானும் போனேன். போகாமல் இருந்திருக்கலாம். நம்மை வைத்துக்கொண்டே நம் உயிரைப் பற்றிப் பேசும்போது எங்கே பார்ப்பது என்றே தெரியாது.

"சாமிக்குக் கொடுத்தத ஆட்டோவுக்கு எடுக்கிறதா?" என்று ஒருவர் இழுத்தார். "நாளைக்கு எல்லாரும் போன தூக்கிட்டு சார்ஜ் போட வருவாங்க."

கமிட்டித் தலைவர் வாயில் வெற்றிலை. துப்பிவிட்டு வந்து சொன்னார்: "ஆத்தாவுக்கு மேல ஒரு ஃபேன் மாட்டியிருக்கோமே, இந்தக் குளிர்ல அது எதுக்கு? அத நிப்பாட்டு. இந்தப் புள்ள போயிட்டு வரட்டும்."

அவ்வளவுதான் தீர்ப்பு. ஃபேனை நிறுத்தினால் எவ்வளவு மிச்சமாகும், வண்டிக்கு எவ்வளவு வேண்டும் என்று யாரும் கணக்குப் பார்க்கவில்லை. மறுநாள் முதல் வண்டி கோயில் மண்டபத்தில் சாமி வாகனங்களோடு வாகனமாக நிற்கத் தொடங்கியது. ஒரு பக்கம் மரச் சிங்கம், மறுபக்கம் எங்கள் ஆட்டோ.

இதற்குப் பிறகு வந்த மாதங்களை நினைத்தால், நோயாளியாக இருந்தேன் என்பதே மறந்துபோகிறது. நாங்கள் விடியற்காலை நாலரைக்கெல்லாம் புறப்பட்டுவிடுவோம். பழைய எஞ்சின் இருந்த காலத்தில் அந்தப் பாதையில் எனக்குக் கேட்டது எஞ்சின் மட்டும்தான். இப்போது ஒவ்வொன்றாகக் கேட்டது. பீலிக் குழாயில் ஊற்றுத் தண்ணீர் விழுகிறது. மிளகுக் கொடியிலிருந்து ஈரம் சொட்டுகிறது. எந்த லயத்திலோ ஒருவர் இருமுகிறார், இன்னொரு வீட்டில் ரொட்டிக்கு மா பிசைகிற பாத்திரம் தரையில் நகர்கிறது. பனிக்குள் இறங்கும்போது கண்ணை மூடிக்கொள்வேன். வண்டி நின்ற இடத்திலேயே நிற்க, மலைதான் எங்களைக் கடந்து மேலே போகிறதென்று தோன்றும். ஜாதிக்காய் மரங்கள் இருக்கிற வளைவு வந்தால் வாசனையே சொல்லிவிடும். கண்ணைத் திறக்காமலே, "பாலம் வந்திருச்சா?" என்பேன். "இப்பத்தான்" என்பார். இறங்குகிற வழியில் பெட்டரி கொஞ்சம் திரும்ப நிரம்பும் என்று அவருக்கு ஒரு சந்தோஷம். மீட்டர் முள் ஏறுவதை எனக்குக் காட்டிக் காட்டி வருவார்.

ஒரு செவ்வாய்க்கிழமை நடுவழியில் வண்டியை நிறுத்தி, "மேல பாரு" என்றார். கிழக்கு வெளுக்கவில்லை. ஒரே அளவான வெளிச்சப் புள்ளிகள், ஒன்றன் பின் ஒன்றாக, நூல் பிடித்த மாதிரி வானத்தில் ஊர்ந்துகொண்டிருந்தன. நான் கைகூப்பிவிட்டேன். ஏன் கூப்பினேன் என்று தெரியாது. அவர் சிரித்தார். "அடியேய், அது கம்பெனிக்காரன் விட்ட செட்டலைட்டு. இன்டர்நெட்டுக்கு."

எனக்கு வந்த கோபத்தில் கூப்பிய கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. "லயத்துக் கூரைதான் துரைக்குன்னு பார்த்தா, அதுக்கு மேல உள்ளதும் ஒருத்தனுக்குப் போயிருச்சா?" என்றேன். "சிக்னலே இல்லாத தோட்டத்துப் புள்ளைங்களுக்கு அதாலதான் படிப்பு வரப்போகுது, பாரு" என்றார். "வரட்டும், வந்தப்புறம் பேசுவோம்" என்றேன். ஆனாலும் கடைசிப் புள்ளி மறையும் வரை இருவரும் அங்கேயே நின்றோம். அழகாகத்தான் இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும்.

இந்த விஷயங்களில் என்னை விடாமல் சீண்டியவர் ஆஸ்பத்திரியில் பக்கத்து மெஷினில் இருந்த நானா. உக்குவளையில் மிளகு, கராம்பு வாங்கி விற்கிற முஸ்லிம் வியாபாரி. என்னைவிடப் பத்து வயது மூத்தவர் இருக்கும். மகன் கட்டாரிலிருந்து அனுப்புகிற வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து அவரும் ரொக்கெட் பைத்தியம். நான் உள்ளே போனதும், "என்ன தங்கச்சி, இண்டைக்கும் சத்தமில்லாம வந்து எறங்கியாச்சா?" என்பார். இரண்டு பேர் கையிலும் ஊசி ஏறி, இரத்தம் குழாயில் சுற்றத் தொடங்கியதும் எங்கள் வாதமும் சுற்றத் தொடங்கும்.

"காசு கூடினவன் நெலாவுக்குப் போறான் நானா. இங்க லயத்துக் கக்கூசுக்குக் கதவு இல்ல" என்பேன்.

"அவன் போகாட்டி ஒங்கட கக்கூசுக்குக் கதவு வந்திருமா?" என்பார்.

"கண்டி ரோட்டுல கரண்டு கார்ல போறாங்களே, பெரிய சுத்தமாம். அந்தக் கரண்டு எங்கேருந்து வருது? எங்க மலையில பேயிற மழையிலேருந்து. எங்க லயத்து லைட்டு மட்டும் மினுக்கு மினுக்குன்னு."

"அது ஞாயம்" என்று ஒத்துக்கொள்வார். எதிராளி சொல்வது சரியென்றால் உடனே ஒத்துக்கொள்கிற ஆள். அதனாலேயே அவரோடு சண்டை போடப் பிடிக்கும். ஒரு நாள் தன் பக்கத்தில் சுற்றிக்கொண்டிருந்த மெஷினைக் கண்ணால் காட்டி, "இதையும் ஆரோ ஒரு கிறுக்கன்தானே தங்கச்சி மொதல்ல செஞ்சிருப்பான்? ஊரெல்லாம் சிரிச்சிருக்கும், மனுசண்ட ரத்தத்த வெளிய எடுத்துக் கழுவுறதாம் எண்டு. இப்ப நாங்க ரெண்டு பேரும் இதுலதானே தொங்கிக்கிட்டு ஈக்கிறம்?" என்றார். நான் மேலே ஓடுகிற ஃபேனைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். மருந்து மயக்கமும் களைப்பும் சேர்ந்து வருகிற அந்த நேரத்தில், நாங்கள் இருவரும் கயிறு கட்டி வானத்தில் மிதந்துகொண்டிருப்பதாக எனக்குப் பட்டது. பயமாக இல்லை. பேச்சுத் துணை இருந்தது.

மார்கழி பிறந்தது. மழை விடவே இல்லை. நாள் கணக்கில் சூரியனைக் காணோம். ஆனாலும் செவ்வாயும் வெள்ளியும் வண்டி நிறைந்த பெட்டரியோடு வாசலுக்கு வந்தது. எப்படி என்று நான் கேட்கவில்லை. உடம்பு முடியாதவர்களுக்கு ஒரு சுயநலம் உண்டு. வருவது வந்துவிட்டால் எங்கிருந்து வந்தது என்று பார்ப்பதில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை நானாவின் கட்டிலில் வேறு ஆள் இருந்தார். "நானா எங்க மிஸ்ஸி?" என்று நர்ஸிடம் சிங்களத்தில் கேட்டேன். அவர் ஊசியைச் சரிபார்த்துக்கொண்டே தலையை மெல்ல ஆட்டினார். புதன்கிழமை அடக்கமும் முடிந்துவிட்டதாம். நாலு மணி நேரமும் நான் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன்.

திரும்பி வந்த பிறகு எனக்குள் என்னவோ விட்டுப்போயிற்று. செவ்வாய்க்கிழமை ஒரு மாதிரி போய் வந்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை, நாலு மணிக்கு அவர் எழுப்பியபோது, "நான் வரல" என்றேன்.

"மழைக்குப் படங்கு கட்டியிருக்கேன். நனையாது."

"மழையில்ல. போதும். எத்தன நாளைக்கு? அந்த மனுசனும் வாரம் ரெண்டு தடவ போனாருதானே? என்ன ஆச்சு? என்ன விட்டுருங்க."

அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, என் காலைப் பிடித்துப் பார்த்தார். வீக்கத்தில் விரல் பதிந்தது. "எழும்பு புள்ள" என்றார். நான் அவர் கையைத் தட்டிவிட்டேன். "ஒங்க வண்டியக் கொண்டுபோய் ரொக்கெட்டோட கட்டி விடுங்க. எனக்கு வேணாம்" என்று கத்தினேன். சொன்ன மாத்திரத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் எழுந்து போய், வாசற்படியில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கட்டிலை விட்டு எழுந்து போய் அவர் முதுகைத் தொட்டிருக்கலாம். போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன்.

நாலரை ஆனது. ஐந்தும் ஆனது. மழை தகரத்தில் ஒரே சீராக விழுந்துகொண்டிருந்தது. ஐந்தே கால் இருக்கும், பக்கத்து வீட்டுப் பெண் நனைந்த தலையோடு உள்ளே வந்தாள். கொழுந்து பறிக்கிறவள். அவளுடைய இரண்டு பிள்ளைகளையும் மடுவத்தில் நான்தான் வளர்த்துவிட்டேன். வந்தவள் நலம் விசாரிக்கவில்லை. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"வண்டி வாசல்லயே நிக்குதே, என்னக்கா?"

"நான் போகல."

"போகலியா?" அவள் குரல் ஏறியது. "ஏன்க்கா, ஒங்களுக்கு ஒண்ணு கேக்குதா?"

கேட்டுப் பார்த்தேன். மழைதான் கேட்டது.

"மார்கழி மாசம், விடியக்காலம், வெள்ளிக்கெழமை. கோயில்ல பாட்டுக் கேக்குதா?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மற்ற நாட்களில் ஐந்து மணிக்கு மேட்டிலிருந்து அம்மன் பாட்டு எழுப்பிவிடும். செவ்வாய், வெள்ளியில் அந்த நேரத்துக்கு நான் எப்போதும் பாதி வழியில் இருப்பேன்.

"மழையில தகடு நெறையல. பாட்டும் போட்டு லைட்டும் போட்டா ஒங்க வண்டிக்குப் பத்தாதுன்னு, கார்த்திகையிலேருந்தே நீங்க போற நாளுல ரெண்டையும் நிப்பாட்டிட்டாங்க. பூசாரி அகல் வெளக்க வச்சிக்கிட்டு, மணிய மட்டும் ஆட்டிட்டு வாறாரு. திருவெம்பா எல்லாம் வாயாலதான் பாடுறோம். மைக்கு இல்ல. அக்காவுக்குத் தெரிஞ்சா வேணாம்பாங்கன்னு ஒருத்தரும் ஒங்ககிட்ட மூச்சு விடல." அவளுக்கு மூச்சு வாங்கியது. கண்ணையும் மழையையும் சேர்த்துத் துடைத்துக்கொண்டாள். "போகலன்னா போகாதீங்க. ஆனா எந்திரிச்சு மேட்டுக்கு வந்து நீங்களே சொல்லுங்க, நான் போகல, பாட்டப் போடுங்கன்னு. ஆத்தாவாவது கேக்கட்டும்."

சொல்லிவிட்டு அவள் நகரவில்லை. வாசற்படியில் அவரும் திரும்பிப் பார்க்கவில்லை.  மேட்டுக்குப் போய் அதைச் சொல்ல என்னால் முடியாது. போர்வையைத் தள்ளிவிட்டுக் கொடியில் கிடந்த சேலையைத் தேடினேன்.